டிக் போடாத பெட்டி

போன மாதம் ஒரு பின்னேரம், அறிவியல் நகரில் படிக்கிற தம்பி ஒருவன் உருத்திரபுரத்துக்கு சைக்கிளில் வந்தான். கதிரையில் இருக்க முதலே கேட்டான்: "அண்ணை, ஹைபர்நேட் எடுக்கிறதா, மைபாட்டிஸ் எடுக்கிறதா, இல்லாட்டி ஜூக்கா? ஒரு முடிவு சொல்லுங்கோ." ஃபோனில் கொழும்புக் கம்பனிகளின் வேலை விளம்பரங்கள் நாலைந்து. எல்லாத்திலயும் ஹைபர்நேட். ஆனால் யூடியூபில் யாரோ அதைக் கண்டபடி திட்டியிருக்கிறார். அதுதான் குழப்பம்.

இந்தக் கேள்வி புதுசில்லை. கம்பஸ் பெடியள், கோர்ஸ் முடிச்ச பிள்ளையள், ரிமோட் வேலை தேடுகிறவர்கள் எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் இதையேதான் கேட்டேன். பிரேம்வேர்க் வேண்டாம் என்று இங்கே நான் வாதாட வரவில்லை. நாங்கள் அதைத் தேர்ந்தெடுக்கிற ஒழுங்கு தலைகீழ் என்கிறேன். அந்தத் தலைகீழ் ஒழுங்கு எங்கட மாதிரி ஊர்களில் என்ன செய்துவிடும் என்று காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

கணினிப் பக்கம் வராத வாசகருக்கு முதலில் ஒரு விளக்கம். ஒரு நிரல் ஓடும்போது அதன் விஷயமெல்லாம் நினைவகத்தில் இருக்கும். கரண்ட் போனால் அதுவும் போய்விடும். போகக்கூடாததைத் தரவுத்தளத்தில் எழுதி வைக்கிறோம். அங்கே எல்லாம் அட்டவணை: வரிசை, நிரை. நிரல் எழுதுகிறவனோ ஜாவாவில் 'கிளாஸ்' என்றும் 'ஒப்ஜெக்ட்' என்றும் யோசிக்கிறான். இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் நின்று கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வருகிற தரகர்தான் ஹைபர்நேட் மாதிரியான சாமான். ஓ.ஆர்.எம் என்று சொல்லுவோம். மைபாட்டிஸ், ஜூக் எல்லாம் கொஞ்சம் வேறு குணமுள்ள தரகர்கள். அவை எஸ்.கியூ.எல்லை மறைப்பதில்லை, உங்களைக் கொண்டே எழுத வைக்கும்.

சரி, தம்பியின் லப்டொப்புக்கு வருவோம். கடைசி வருஷப் புரொஜெக்ட். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் விவரங்களை உறவினர்களிடமிருந்து சேர்த்து ஒழுங்குபடுத்துகிற ஒரு செயலி. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கியபோது உவன் பள்ளிக்கூடப் பெடியன். அந்த வழியால் போய்வந்தவன். அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்திருக்கிறான். நல்ல பெடியன், நல்ல நோக்கம், கோட் எழுதியிருக்கிற விதமும் துப்புரவு. 'நபர்' என்று ஒரு கிளாஸ். அதற்குள் பெயர், குடும்பப் பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம். அதற்குக் கீழே ஒரு வரி: பூலியன், உயிருடன்.

அந்த வரியில் நான் நின்றுவிட்டேன்.

ஜாவாவில் சாதாரண பூலியனுக்கு இரண்டே பெறுமதிதான்: ட்ரூ, ஃபோல்ஸ். ஒன்றும் போடாவிட்டால் ஃபோல்ஸ். வலைப் படிவத்தில் அது ஒரு டிக் பெட்டி. டிக் போடாத பெட்டியை உலாவி சேர்வருக்கு அனுப்புவதே இல்லை. ஆக, அதுவும் ஃபோல்ஸ்தான். அட்டவணையை உருவாக்குகிற வேலையை ஹைபர்நேட்டிடம் விட்டால், அந்த நிரைக்கு 'வெறுமையாய் விடக்கூடாது' என்ற நிபந்தனையையும் அது தானாகவே போட்டுவிடும். சாதாரண பூலியனுக்கு அது அப்படித்தான் செய்யும். எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு தாய் வந்து, "எங்க இருக்கிறான் எண்டு தெரியாது தம்பி" என்கிறா. தம்பி பெட்டியில் டிக் போடாமல் சேமிக்கிறான். தரவுத்தளத்தில் பதிவாவது: உயிருடன் இல்லை.

அந்த வசனத்தை எந்த அலுவலரும் எழுதவில்லை, எந்த ஆணைக்குழுவும் சொல்லவில்லை. தம்பியும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பிரேம்வேர்க்கின் இயல்பு அமைப்பு எழுதியது. "தெரியாது" என்ற ஒரு சொல்லுக்காகத்தான் எங்கட சனம் வருஷக்கணக்காய்த் தெருவில இருக்குது. அந்தச் சொல்லை வைக்க இடமில்லாத அட்டவணையோடு நாங்கள் உதவிக்குப் போகிறோம்.

எஸ்.கியூ.எல்லில் அந்தச் சொல்லுக்கு இடம் உண்டு. 'நல்' என்பார்கள். உண்மை, பொய், தெரியாது என்று மூன்று பெறுமதி வைத்துத்தான் அந்த மொழி கணக்குப் பார்க்கிறது. அதிலும் பொறி இருக்கிறது. 'உயிருடன் என்பது ட்ரூ அல்லாதவர்களைத் தா' என்று கேட்டால், 'நல்' உள்ள வரிசைகள் பதிலில் வராது. தெரியாதவர்கள் இரண்டு பட்டியலிலும் இல்லாமல் போவார்கள். இது தெரிந்தவன் கேள்வியை வேறு மாதிரி எழுதுவான். தெரியாதவன் தரகரை நம்பி, வந்த எண்ணிக்கையை அறிக்கையில் போடுவான்.

இதைவிட ஒரு படி மேலே யோசித்தவர்கள் இருக்கிறார்கள். 2005இல் அமெரிக்காவில் கத்ரீனா புயலுக்குப் பிறகு, ஆளுக்கொரு தளத்தில் சிதறிக்கிடந்த காணாமற்போனோர் பட்டியல்களை இணைக்கத் தன்னார்வலர்கள் பி.எஃப்.ஐ.எஃப் என்று ஒரு பொது வடிவத்தை உருவாக்கினார்கள். அதில் நபர் ஒரு பதிவு, நபரைப் பற்றி ஒருவர் சொல்வது வேறொரு பதிவு. யார் சொன்னது, எப்போது சொன்னது, என்ன சொன்னது. நிலைமைக்கு ஐந்து பெறுமதி: தகவல் தேடப்படுகிறது, இதை எழுதுவதே அந்த ஆள்தான், உயிருடன் இருப்பதாக நம்பப்படுகிறது, காணவில்லை என நம்பப்படுகிறது, இறந்ததாக நம்பப்படுகிறது. அந்த 'நம்பப்படுகிறது' என்ற சொல்லைக் கவனியுங்கள். தரவுத்தளம் தீர்ப்புச் சொல்லவில்லை, சாட்சியத்தைச் சேமிக்கிறது. எந்த பிரேம்வேர்க்கும் இந்த வடிவத்தை உங்களுக்குத் தந்திருக்காது. அட்டவணையை முதலில் யோசித்தவர்கள் கண்டது இது.

தம்பிக்கு நான் புத்தி சொல்லத் தகுதியுள்ளவன் என்று நினைக்காதேயுங்கோ. என்ர கதை அதைவிட மோசம்.

சில வருஷத்துக்கு முதல், நானும் இரண்டு கூட்டாளிகளும் ஒரு கமக்காரர் அமைப்புக்கு அங்கத்தவர் பதிவேடு ஒன்று செய்து கொடுத்தோம். யாருக்கு எந்த வாய்க்காலில் எத்தனை ஏக்கர், காலபோகத்துக்கு எவ்வளவு, சிறுபோகத்துக்குத் தண்ணி எத்தனை ஏக்கருக்குக் கிடைக்கிறது, சந்தா கட்டியாச்சா. செயலாளர் ஐயாவிடம் எல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் இருந்தது. ஸ்பிரிங் பூட், ஹைபர்நேட். அமைப்புக் கோப்பில் 'டி.டி.எல்-ஓட்டோ' என்று ஒரு வரி வரும். செய்துபார்க்கும் காலத்தில் அதற்கு 'கிரியேட்' என்று போட்டிருந்தேன். செயலி ஒவ்வொரு தரமும் தொடங்கும்போது இருக்கிற அட்டவணையை அழித்துப் புதிதாகச் செய் என்பது அதன் அர்த்தம். வசதியாய் இருந்தது. மாற்ற மறந்துபோனேன்.

மூன்று நாள் இருந்து கொப்பியைப் பார்த்துத் தட்டினோம். அந்த மூன்று நாளும் லப்டொப்பை நிற்பாட்டவே இல்லை, மூடிமூடி வைத்தோம். நாலாம் நாள் விடியக் கரண்ட் இல்லை, பற்றரியும் செத்துப்போச்சு. கரண்ட் வந்து செயலியை எழுப்பினால் அங்கத்தவர் எண்ணிக்கை பூச்சியம். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "பரவாயில்லைத் தம்பி, கொப்பி கரண்டில ஓடேல்லைத்தானே."

நிலைத்திருக்கச் செய்வதற்கென்றே பேர் வாங்கின ஒரு சாமான், ஒரு சொல்லில் எல்லாத்தையும் துடைத்தது. பிழை ஹைபர்நேட்டின் பிழை இல்லை. அதன் கையேட்டில் தெளிவாய் எழுதியிருக்கிறது. நான் வாசிக்கவில்லை. ஏனென்றால் நான் படித்த பாடக்காணொளி, "இந்த வரியைப் போட்டால் அட்டவணை தானாக வரும், எஸ்.கியூ.எல் தெரியத் தேவையில்லை" என்று சொன்னது. எங்கட தலைமுறைக்கு விற்கப்படுகிற பெரிய பொய் அந்தக் கடைசி மூன்று சொல்லும்தான்.

இரண்டாம் தரம் ஒழுங்காய்த் தட்டி முடித்த பிறகு அடுத்த வினை. அங்கத்தவர் பட்டியலைத் திறந்தால் பழைய லப்டொப் மூச்சு வாங்கியது. பதிவை எடுத்துப் பார்த்தால், அங்கத்தவர் பட்டியலுக்கு ஒரு கேள்வி, பிறகு ஒவ்வொரு அங்கத்தவரின் காணிக்கும் தனித்தனியாய் ஒவ்வொரு கேள்வி. இருநூறு பேர் என்றால் இருநூற்றியொரு தரம் தரவுத்தளத்துக்குப் போய்வருகிறது. சங்கக்கடைக்குச் சீனிக்கு ஒருக்கா, தேயிலைக்கு ஒருக்கா, பருப்புக்கு ஒருக்கா ஓடுகிற மாதிரி. ஒரே ஒரு 'ஜொயின்' போட்டால் முடிகிற அலுவல். 'என் பிளஸ் ஒன்' என்று இதற்கு உலகம் முழுக்கப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே அதற்குப் பிறகுதான்.

பெயர்களின் கதை இன்னும் கசப்பு. தம்பியின் கிளாஸில் 'பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு நிரை. எங்களில் யாருக்கு ஐயா குடும்பப் பெயர்? தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால், சொந்தப் பெயர் பின்னால். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, முகாம் அட்டையில் மூன்றாவது. வெள்ளைக்காரன் எழுதின உதாரணத்தில் 'ஃபெர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்' என்று இருந்தது, நாங்களும் போட்டோம். ஒரே ஆளை மூன்று பேராக எண்ணுவதும், மூன்று பேரை ஒரே ஆளாக்குவதும் இங்கே இருந்துதான் தொடங்குகிறது. பெயர்வடிவங்களுக்கென்றே தனி அட்டவணை வேண்டும் என்பதைக் கிளாஸைப் பார்த்து யோசிக்க வராது. கோயிலடியில் இருக்கிற ஒரு அம்மாவின் கோப்புக்கட்டைப் பார்த்தால் உடனே வரும்.

எழுத்துக்கு வருவோம். 'உருத்திரபுரம்' கண்ணுக்கு எட்டு எழுத்து. யூனிகோடில் பதின்மூன்று குறி. யூ.டி.எஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆகமொத்தம் 39 பைட். ஒராக்கிளின் இயல்பு அமைப்பில் நிரையின் நீளம் பைட்டில் அளக்கப்படும். 30 என்று போட்ட நிரை எங்கட ஊர்ப் பெயரை ஏற்காது. மைஎஸ்கியூஎல்லில் 2018இல் எட்டாம் பதிப்பு வரும்வரை இயல்பான எழுத்துத்தொகுதி லத்தீன்-1. தமிழைக் கொடுத்தால் ஒன்றில் பிழை காட்டும், இல்லாவிட்டால் கேள்விக்குறி ஆக்கும். எஸ்கியூஎல் சேர்வரில் வழமையான 'வார்ச்சார்' நிரைக்கும் அதே கதிதான். ஹைபர்நேட்டோ ஒரு பெயரை இயல்பாக அந்த வகைக்குத்தான் அனுப்புகிறது. தமிழுக்கு 'என்-வார்ச்சார்' வேண்டும் என்று நீங்கள்தான் தனியாய்ச் சொல்லவேண்டும். ஒருக்கா கேள்விக்குறியாய்ச் சேமித்தால் பழைய எழுத்தை எந்த மந்திரத்தாலும் மீட்க முடியாது. பட்டியலில் ஒரு ஆளின் பெயர் ஏழு கேள்விக்குறி. அதைத் தாயிடம் எப்படி வாசித்துக் காட்டுவது?

"அப்ப எல்லாரும் ஹைபர்நேட் பாவிக்கினமே, அவையெல்லாம் மடையரோ?" தம்பி கேட்டான். நியாயமான கேள்வி.

இல்லை. கவின் கிங் 2001இல் ஹைபர்நேட்டைத் தொடங்கியபோது ஜாவா உலகில் இருந்த மாற்று, ஈ.ஜே.பி என்ற பாரமான வண்டில். அதோடு ஒப்பிட்டால் இது விடுதலை. 2006இல் ஜே.பி.ஏ என்று தரநிலையாகவும் வந்தது. அதே வருஷம் டெட் நியூவார்ட் என்ற அமெரிக்கர் ஓ.ஆர்.எம்மைக் கணினித்துறையின் வியட்னாம் என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். தொடக்கத்தில் சுகமான வெற்றி, உள்ளே போகப்போகச் சேறு, திரும்பிவரவும் ஏலாது என்பது வாதம். (போரை உவமைக்கு எடுப்பது தூர இருக்கிறவைக்கு எவ்வளவு லேசு என்று அதை வாசிக்கும்போது நினைத்தேன். வாதம் சரிதான்.) பெரிய கம்பனியில் எஸ்.கியூ.எல் தெரிந்த பத்துப் பேர் பக்கத்தில் இருக்கும்போது ஹைபர்நேட் உண்மையாகவே வேலையைக் குறைக்கும். தரகர் என்ன செய்கிறார் என்று பார்க்கத் தெரிந்தவனுக்குத் தரகர் லாபம். கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்கிறவனுக்கு? நெல்லு விற்ற எந்தக் கமக்காரரிடமும் கேட்டுப் பாருங்கள்.

தரவுத்தளத்தை மாற்றினாலும் கோட் மாறாது என்பது ஓ.ஆர்.எம்முக்காகச் சொல்லும் இன்னொரு நியாயம். எங்கட பக்கத்தில் அப்படி ஓடுகிற செயலியில் தரவுத்தளத்தை மாற்றின ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆனால் அந்த நியாயம் உண்மையாய்ப் பொருந்தின ஓர் இடம் இலங்கையிலேயே இருக்கிறது.

2004 டிசம்பர் 26. முல்லைத்தீவுக் கரையையும் சேர்த்து அடித்த கடல் இந்தத் தீவில் 30,000இற்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அடுத்த சில நாளுக்குள் கொழும்பில் மென்பொருள் தன்னார்வலர்கள் கூடி எழுதியதுதான் 'சஹானா'. சிங்களத்தில் நிவாரணம் என்று அர்த்தம். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, நிறுவனங்களின் பதிவு, எங்கே என்ன தேவை என்ற பதிவு. பி.எச்.பி, மைஎஸ்கியூஎல். அவசரத்தில் எழுதியதைப் பிறகு லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனின் கீழ் மறுபடி எழுதினார்கள். அப்போது தரவுத்தளத்துக்கு மேலே ஏடிஓடிபி என்ற மெல்லிய இடைப்படை ஒன்று வைத்தார்கள். பேரிடர் எந்த நாட்டில் வரும், அங்கே என்ன கணினி கிடக்கும் என்று தெரியாதவர்களுக்கு அது சரியான தேர்வு. 2006ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதை ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் சஹானாவுக்குக் கொடுத்தது. பிறகு பி.எச்.பியையே விட்டுவிட்டு பைத்தனில், வெப்2பை மேல், 'ஈடன்' என்று இன்னொரு தரம் எழுதினார்கள். 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் அது பாவனைக்கு வந்தது.

கணக்குப் பாருங்கள்: ஆறு வருஷத்துக்குள் மொழி மாறியது, பிரேம்வேர்க் மாறியது, தரவுத்தளத்தோடு பேசுகிற படை மாறியது. மாறாமல் வந்தது, ஆள், முகாம், நிறுவனம், தேவை என்ற அந்தப் பிரிப்பு. ஜாவாப் பக்கமும் அப்படித்தான்: ஐபாட்டிஸ் 2010இல் மைபாட்டிஸ் ஆனது, ஈ.ஜே.பியைப் பற்றி இப்போது யாரும் கதைப்பதில்லை. 1970இல் எட்கர் கொட் எழுதிவைத்த அட்டவணைக் கணிதம் மட்டும் அப்படியே நிற்கிறது. வேலை விளம்பரத்தில் இருக்கிற பெயரைப் படிக்க வேண்டாம் என்று வயிற்றில் அடிக்க மாட்டேன். வேலை வேண்டும், படியுங்கள். ஆனால் நாளைக்குச் சாகப்போகிற பெயரை முதலில் படித்து, சாகாததை விட்டுவிடுகிற ஒழுங்கை எங்களுக்கு யார் சொல்லித்தந்தது? உயர்தர ஐ.சி.டியில் அட்டவணைப் பாடம் இருந்தது. சோதனைக்குப் பாடமாக்கி, எழுதிவிட்டு மறந்தோம். அதுதான் தொழில் என்று அப்போது ஒருவரும் சொல்லவில்லை.

"சரி அண்ணை, நான் இப்ப எதை எடுக்கிறது?"

சொன்னேன். முதலில் லப்டொப்பை மூடு. அட்டவணைகளைக் கையால் எழுது. ஒவ்வொரு நிரைக்கும், இதற்குப் பதில் 'தெரியாது' என்றால் எங்கே வைப்பாய் என்று கேள். பிறகு போஸ்ட்கிரெஸ், யூ.டி.எஃப்-8. அட்டவணையை உருவாக்கும் எஸ்.கியூ.எல்லை இலக்கமிட்ட கோப்புகளாய் வை, ஃப்ளைவே அதை ஒழுங்காய் ஓட்டும். அதற்கு மேலே உன் அளவுக்கு ஜூக் அல்லது மைபாட்டிஸ் போதும். நீ எழுதின கேள்வி உன் கண்ணுக்கு முன்னால் இருக்கும். ஹைபர்நேட்தான் வேண்டுமென்றால் எடு, ஆனால் 'டி.டி.எல்-ஓட்டோ' வரியில் 'வலிடேட்' என்பதைத் தவிர வேறொன்றும் வரக்கூடாது. அது அட்டவணையைத் தொடாது, பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும். அனுப்புகிற எஸ்.கியூ.எல் ஒவ்வொன்றையும் திரையில் காட்டச் சொல்லி வைத்து வாசி. இன்னொன்று: பிரேம்வேர்க் வேண்டாம் என்றதும் சரத்தோடு சரம் ஒட்டி எஸ்.கியூ.எல் எழுதுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது ஹைபர்நேட்டைவிடப் பத்து மடங்கு ஆபத்து. படிவத்தில் யாரோ தட்டுகிற ஒரு மேற்கோள் குறி உன் அட்டவணையைத் திறந்துவிடும். பெறுமதியைத் தனியாய்க் கட்டி அனுப்பு.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, "சின்னப் புரொஜெக்ட் ஒன்றுக்கு இவ்வளவு யோசிக்க வேணுமோ?" என்று கேட்கிறவர்கள் வருவார்கள். புள்ளி வாங்கிக்கொண்டு கிட்ஹப்பில் உறங்குகிற புரொஜெக்ட் என்றால் வேண்டாம். ஆனால் உவன் செய்தது உண்மையான ஆட்களின் பெயர். அந்த அம்மாமார் ஏற்கெனவே எத்தனை படிவம் நிரப்பினவை, எத்தனை பேருக்குப் படம் கொடுத்தவை. இன்னொரு படிவத்தோடு போகிற நாங்கள் குறைந்தபட்சம் அவை சொன்னதைச் சொன்னபடி சேமிக்கத் தெரிந்தவர்களாய்ப் போகவேண்டும்.

தம்பி அந்தப் பூலியன் வரியை அங்கேயே அழித்தான். அதற்குப் பதில் என்ன போடுவது என்று இன்னும் முடிவில்லை. 'நம்பப்படுகிறது' என்ற சொல்லை அம்மாமாரிடம் எப்படிக் கேட்பது என்பதுதான் இப்போது அவனுடைய சிக்கல். அதற்கு என்னிடமும் விடை இல்லை, கேட்டுத்தான் பார்க்கவேண்டும். சனிக்கிழமை இரண்டு பேருமாய்க் கோயிலடிக்குப் போகிறோம். லப்டொப் இல்லை, ஒரு சீ.ஆர். கொப்பி மட்டும்.